ஒரு வரி என்பது எது? மருத்துவ ஆய்வுக்குத் தரவுத்தளம் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

எம்.டி. தீசிஸுக்காக ஒரு பிஜி மாணவர் 120 சர்க்கரை நோயாளிகளை ஆறு மாதம் பின்தொடர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சேர்ந்த அன்று, மூன்றாம் மாதம், ஆறாம் மாதம் என்று ஆளுக்கு மூன்று முறை ஓபிக்கு வர வேண்டும். வரும்போதெல்லாம் எடை, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை), கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை), கால் பரிசோதனை. எக்செலைத் திறந்து, ஆளுக்கு ஒரு வரி போட்டு, ‘சர்க்கரை1’, ‘சர்க்கரை2’, ‘சர்க்கரை3’ என்று வலது பக்கமாக நீட்டிக்கொண்டே போவதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும்.

முதல் இருபது பேர் வரை அழகாகவே ஓடும். அப்புறம் ஒருவர் காலில் புண்ணோடு நான்காம் மாதம் வந்து நிற்பார். அந்த வருகைக்கு ஷீட்டில் இடமே இருக்காது. ‘சர்க்கரை2பி’ என்று ஒரு நெடுவரிசை முளைக்கும். இன்னொருவர் வெளி லேபில் எடுத்த ரிப்போர்ட்டைக் கொண்டுவருவார். அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் அடித்து, மஞ்சள் என்றால் வெளி லேப் என்று மனதில் வைத்துக்கொள்வார்கள். வண்ணம் தரவு ஆகாது. ஷீட்டை, வெறும் எழுத்தை மட்டும் வைத்திருக்கும் சிஎஸ்வி கோப்பாக மாற்றிய அந்த நொடியே மஞ்சள் உதிர்ந்துவிடும். புள்ளியியல் மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ் அதைப் பார்க்கப்போவதே இல்லை. இதற்குள் ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’, ‘ஃபைனல் கைடு பார்த்தது’ என்று மூன்று கோப்புகள் சேர்ந்திருக்கும். 37ஆவது நோயாளியின் கிரியேட்டினினை எந்தக் கோப்பில் திருத்தினோம் என்பது யாருக்கும் நினைவிருக்காது.

எக்செலைத் திட்டிப் பயனில்லை. ஆரம்பத்தில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்: இந்த அட்டவணையில் ஒரு வரி என்பது எது? ஒரு நோயாளியா, நோயாளி ஒருமுறை வந்துபோனதா, ஒரு பரிசோதனை முடிவா? மேலே சொன்ன ஷீட்டில் மூன்றும் ஒரே வரிக்குள் அடைந்து கிடக்கின்றன. மருத்துவத்துக்கோ கல்லூரிக்கோ தனியாக மென்பொருள் எழுதுவதில் திரை, பட்டன், வண்ணம் எல்லாம் பிறகு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வரியின் பொருளை மட்டும் ஐந்நூறு பதிவுகள் ஏறிய பிறகு மாற்றுவது, குடியேறிய வீட்டுக்கு அஸ்திவாரம் மாற்றுகிற வேலை.

நான்கு அட்டவணைகள்

தரவை வரிகளும் நெடுவரிசைகளும் கொண்ட தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்து, பொதுவான ஒரு மதிப்பைக் கொண்டு அவற்றை இணைக்கலாம் என்ற யோசனையை 1970இல் ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் முன்வைத்தார். இன்று வங்கியிலும் ரயில் முன்பதிவிலும் ஓடுவது அதே யோசனைதான். நம் ஆய்வுக்கு நான்கு அட்டவணைகள் போதும்.

முதலாவது, நோயாளி. ஒரு வரி என்றால் ஆய்வில் சேர்ந்த ஓர் ஆள். ஆய்வு எண், பாலினம், பிறந்த தேதி, சர்க்கரை நோய் தெரியவந்த ஆண்டு, சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்ட தேதி. ஆறு மாதத்தில் மாறாத விஷயங்கள் மட்டுமே இங்கே.

இரண்டாவது, வருகை. ஒரு வரி என்றால் ஓர் ஆள் ஒரு நாள் வந்தது. வருகை எண், யாருடைய வருகை என்று சொல்லும் ஆய்வு எண், தேதி, வருகையின் வகை, எடை, ரத்த அழுத்தம். ரத்த அழுத்தத்தை ‘140/90’ என்று ஒரே கட்டத்தில் எழுதக் கூடாது. மேல் அளவு ஒரு நெடுவரிசை, கீழ் அளவு இன்னொன்று. சேர்த்து எழுதினால் அது எண் அல்ல, எழுத்து. அதற்குச் சராசரி கிடையாது.

மூன்றாவது, முடிவு. ஒரு வரி என்றால் ஒரு வருகையில் செய்த ஒரு பரிசோதனையின் விடை. வருகை எண், பரிசோதனையின் பெயர், அளவு, அலகு, எந்த லேப். மஞ்சள் வண்ணம் செய்துகொண்டிருந்த வேலையை இந்தக் கடைசி நெடுவரிசை எடுத்துக்கொள்கிறது.

நான்காவது, மருந்து. இதில்தான் பலரும் தடுக்கி விழுவார்கள். ஒரு வரி என்றால் ஒரு மருந்து என்று நினைத்து ‘மெட்ஃபார்மின், 500’ என்று எழுதிவிடுவார்கள். மூன்றாம் மாதம் டோஸை 1000 ஆக்கும்போது 500ஐ அழித்து 1000 எழுத வேண்டியிருக்கும். அத்தோடு பழையது போயிற்று. சரியான பொருள்: ஓர் ஆள், ஒரு மருந்தை, ஒரு டோஸில் எடுத்துக்கொண்ட ஒரு காலகட்டம். தொடங்கிய தேதி, நிறுத்திய தேதி இரண்டும் வேண்டும். டோஸ் மாறினால் பழைய வரிக்கு நிறுத்திய தேதி போட்டு, புது வரி தொடங்க வேண்டும்.

இப்போது காலில் புண்ணோடு வந்தவரைப் பார்ப்போம். அவருடைய ஆய்வு எண் 10421. வருகை அட்டவணையில் அவருக்கு நான்கு வரிகள்: 2024-01-08 சேர்க்கை, 2024-04-09 மூன்றாம் மாதம், 2024-05-02 இடையில், 2024-07-10 ஆறாம் மாதம். ஐந்தாவது முறை வந்தாலும் ஒரு வரி கூடுமே தவிர, அட்டவணையின் அமைப்பில் எதையும் தொட வேண்டாம்.

ஒவ்வொரு அட்டவணையிலும் வரியை அடையாளம் காட்டும் எண்ணுக்கு பிரைமரி கீ என்று பெயர்; அது இரண்டு வரிகளுக்கு ஒன்றாக வரவே கூடாது. வருகை அட்டவணையில் இருக்கும் ஆய்வு எண், நோயாளி அட்டவணையின் பிரைமரி கீயைச் சுட்டுவது; அதற்கு ஃபாரின் கீ என்று பெயர். நோயாளி அட்டவணையில் இல்லாத ஓர் எண்ணுக்கு வருகை பதியப் பார்த்தால் தரவுத்தளமே ‘அப்படி யாரும் இல்லை’ என்று மறுத்துவிடும். எக்செல் ஷீட் தானாக இந்த மறுப்பைச் சொல்லாது.

ஆய்வு எண்ணை நாமே உண்டாக்க வேண்டும்

ஓபி எண்ணையே பிரைமரி கீயாக வைத்தால் என்ன என்று தோன்றும். சில ஆஸ்பத்திரிகளில் ஜனவரி பிறந்தால் ஓபி எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். சீட்டைத் தொலைத்தவருக்குப் புதுச் சீட்டு, புது எண். செல்பேசி எண்ணும் ஆகாது: அம்மா, மகன், மருமகள் மூவருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்திருப்பார்கள். பெயர் என்றால் சொல்லவே வேண்டாம். லட்சுமி, லெட்சுமி, இலட்சுமி, லக்ஷ்மி நால்வரும் ஒரே ஆளாக இருக்கலாம். முன்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும் வெளிநாட்டுப் படிவத்தில் எஸ். முருகனுக்கு இடமில்லை, முருகன் எஸ். என்றும் முருகன் சுப்பிரமணியன் என்றும் அவர் இரண்டு ஆளாகப் பதிவாவார். பெயருக்கு ஒரே கட்டம், இனிஷியலுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வது நம் ஊருக்குப் பொருந்தும்.

ஆகவே அர்த்தம் எதுவும் இல்லாத ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவது நல்லது. அதன் கடைசியில் ஒரு சோதனை இலக்கம் சேர்த்தால் எழுதும்போது வரும் பிழையும் பிடிபடும். வங்கி அட்டைகளில் இருக்கும் லூன் முறையே போதும். 1042 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கக் கடைசி இலக்கத்தில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிக்க வேண்டும். இரட்டித்தது 9ஐத் தாண்டினால் 9 கழிக்க வேண்டும். 2 இரட்டித்து 4, அடுத்த 4 அப்படியே, 0 இரட்டித்தும் 0, 1 அப்படியே. கூட்டினால் 9. பத்தாக இன்னும் 1 வேண்டும். ஆகவே சோதனை இலக்கம் 1, முழு எண் 10421. யாராவது அவசரத்தில் 10241 என்று எழுதினால்? 1024க்குக் கூட்டுத்தொகை 8, 2, 0, 1 சேர்ந்து 11. சோதனை இலக்கம் 9 ஆக இருந்திருக்க வேண்டும். திரை உடனே ‘எண் தவறு’ என்று சொல்லும். பக்கத்துப் பக்கத்து 0வும் 9உம் இடம் மாறினால் மட்டும் இந்த முறைக்குத் தெரியாது. ஒரு தீசிஸுக்கு அந்த ஓட்டை பரவாயில்லை.

தமிழில் பெயர் சேமிக்கிறவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ‘கொ’ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாக வைத்திருக்கலாம்: க என்ற எழுத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்து, அல்லது க என்ற எழுத்தோடு எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. ஒரு விசைப்பலகையில் பதிந்த ‘கொடியரசு’ இன்னொன்றில் தேடினால் கிடைக்காமல் போவது இதனால்தான். சேமிக்கும் முன், இப்படிப்பட்ட எழுத்துகளை ஒரே விதமாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டால் இது தீரும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் அதற்கென்றே ஒரு செயற்கூறு 13ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆனால் ‘கௌரி’யை ‘கெ’, ‘ள’ என்று இரண்டு எழுத்தாக அடித்து ‘கெளரி’ ஆக்கியிருந்தால் என்எஃப்சியும் காப்பாற்றாது. அதற்கு ஆள்தான் பார்க்க வேண்டும்.

கட்டத்துக்குள் என்ன போகிறது

அட்டவணை சரியாக அமைந்த பிறகு தவறு நுழைவது மதிப்புகளில். முதல் எதிரி 999. ‘முடிவு வரவில்லை’ என்பதற்கு 999 போடும் பழக்கம் காகிதப் படிவக் காலத்திலிருந்து வருகிறது. ஐந்து பேருடைய வெறும் வயிற்றுச் சர்க்கரை 140, 168, 122, 190, 999 என்று இருந்தால் சராசரி 323.8. நான்கு பேருடைய உண்மையான சராசரி 155. இதே 999 எச்பிஏ1சியில் இருந்திருந்தால் சராசரி இருநூறைத் தொட்டு யார் கண்ணிலும் பட்டிருக்கும், 323.8 அப்படியல்ல, கட்டுப்பாடில்லாத சர்க்கரையைப் போலவே தோற்றம் தரும். அதனால்தான் அது ஆபத்து.

தரவுத்தளத்தில் இல்லாததைக் குறிக்க நல் என்று ஒரு வெற்றுமதிப்பு உண்டு. சராசரி எடுக்கும்போது அது தானாக விலகிக்கொள்ளும். ஆனால் அதற்கும் ஒரு குணம் இருக்கிறது. 120 பேரில் 30 பேர் புகைப்பதாகவும் 70 பேர் புகைப்பதில்லை என்றும் பதிந்து, 20 பேரிடம் கேட்கவே இல்லை என்று வையுங்கள். ‘புகைப்பது ஆம் என்று இல்லாதவர்கள் எத்தனை?’ என்று கேட்டால் 90 வராது, 70தான் வரும். வெற்றுமதிப்பை எதோடு ஒப்பிட்டாலும் விடை ஆமும் இல்லை, இல்லையும் இல்லை, தெரியாது. ஆகவே வெற்றுமதிப்புகளைத் தனியாக எண்ணிப் பார்க்காமல் எந்த விகிதத்தையும் தீசிஸில் எழுதக் கூடாது. ஏன் இல்லை என்பதும் வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு காரணக் கட்டம்: நோயாளி வரவில்லை, மாதிரி உறைந்துவிட்டது, மறுத்துவிட்டார், கேட்கத் தவறியது.

அடுத்தது அலகு. இந்தியாவில் சர்க்கரையை டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் சொல்கிறோம். மலேசியா, பிரிட்டன் ஆஸ்பத்திரிகளின் ரிப்போர்ட்டில் லிட்டருக்கு மில்லிமோல் இருக்கும். லிட்டருக்கு 1 மில்லிமோல் என்பது டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 18 மில்லிகிராம், அங்கே 7.2 என்றால் இங்கே 130. கிரியேட்டினினில், டெசிலிட்டருக்கு மில்லிகிராமை லிட்டருக்கு மைக்ரோமோல் ஆக்கப் பெருக்கும் எண் 88.4. வந்த அலகை வந்தபடியே பதிந்து, மாற்றும் கணக்கை மென்பொருளிடம் விடுங்கள். ஓபி நெரிசலில் மனக்கணக்கு போட்டுப் பதிந்த மதிப்பு தவறா சரியா என்று பின்னால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

சில லேப் முடிவுகள் ‘0.01க்குக் கீழ்’ என்று வரும். 0.01 என்றோ 0 என்றோ பதிந்தால் இரண்டும் பொய். ‘கீழ், சமம், மேல்’ என்று குறிக்கு ஒரு சின்ன நெடுவரிசை, எண்ணுக்கு ஒன்று. இந்த ஒன்றை மறந்த தரவுத்தளங்கள் எண் நெடுவரிசையை எழுத்து நெடுவரிசையாக மாற்றி, பிறகு ‘9’ ஏன் ‘10’ஐ விடப் பெரிதாக வரிசைப்படுகிறது என்று தலையைச் சொறிந்துகொண்டிருக்கும்.

தேதியில் 03/04/2024 என்பது ஏப்ரல் 3ஆ மார்ச் 4ஆ என்பது கணினியின் அமைப்பைப் பொறுத்தது. எழுத்தாகச் சேமிக்காமல் தேதி வகையாகவே சேமிக்க வேண்டும். காட்டும்போது ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் காட்டினால் குழப்பமே இல்லை. வயதைச் சேமிப்பது தவறு, பிறந்த தேதியைத்தான் சேமிக்க வேண்டும் என்று பாடப் புத்தகம் சொல்லும். ஆனால் பல முதியவர்களுக்குப் பிறந்த தேதி தெரியாது. ஆவணத்தில் ஜனவரி 1 என்று இருக்கும். அவர்களுக்கு, சொன்ன வயது ஒரு கட்டம், அதைக் கேட்ட தேதி ஒரு கட்டம் என்று வைப்பதே நேர்மை.

எண்களுக்கு எல்லை வைக்கும்போது இரண்டு எல்லை வேண்டும். கிரியேட்டினினுக்கு 0.1க்குக் கீழ், 30க்கு மேல் என்றால் ஏற்கவே கூடாது. 0.4க்குக் கீழ், 2க்கு மேல் என்றால் ‘சரிதானா?’ என்று ஒருமுறை கேட்டுவிட்டு ஏற்க வேண்டும். ஒரே எல்லையாக 5இல் கதவைச் சாத்தினால், டயாலிசிஸ் நோயாளியின் 11.6ஐப் பதிய முடியாத ஹவுஸ் சர்ஜன் என்ன செய்வார்? திரையைத் தாண்டியாக வேண்டுமே. 5 என்று பதிந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். கட்டுப்பாடு கூடினால் தரம் கூடும் என்று நினைத்தவர் கையாலேயே பொய்த் தரவு உருவாகும்.

விடை வரும் அட்டவணைக்கும் அதே கேள்வி

தரவைப் பிரித்து வைத்தவர்கள் ஆய்வு நேரத்தில் சேர்த்துப் பார்ப்பார்கள். 10421க்கு நான்கு வருகை, மூன்று மருந்து வரிகள். நோயாளியோடு வருகையையும் மருந்தையும் ஒரே மூச்சில் இணைத்தால் வருவது ஏழு வரிகள் அல்ல, பன்னிரண்டு. ஒவ்வொரு வருகையும் ஒவ்வொரு மருந்தோடும் ஜோடி சேரும். இந்த விடையை வைத்து எல்லா நோயாளிகளின் சராசரி எடை பார்த்தால், நிறைய மருந்து எடுப்பவர்களின் எடை பல தடவை எண்ணப்படும். பிழைச் செய்தி எதுவும் வராது; சராசரி சற்றே தள்ளி நிற்கும், அவ்வளவுதான். இணைப்பதற்கு முன்னும் பின்னும் வரிகளை எண்ணிப் பார்க்கிற பழக்கம் இதைப் பிடித்துவிடும். வந்திருக்கும் அட்டவணையில் ஒரு வரி என்றால் எது என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவில்லை என்றால், அதில் கூட்டல் கழித்தல் எதுவும் செய்யாதீர்கள்.

கல்லூரி மதிப்பெண் மென்பொருளிலும் இதே கதைதான். மாணவருக்கும் பேப்பருக்கும் ஒரு வரி என்று போட்டால் அரியர் வந்ததும் உடைந்துவிடும்: நவம்பரில் எழுதிய 38ஐ ஏப்ரலில் எழுதிய 54 அழித்துவிடும். ஒரு வரி என்பது ஒரு மாணவர் ஒரு பேப்பரை ஒரு முறை எழுதியது. மறுமதிப்பீடு அதற்கு மேல் இன்னொரு நிகழ்வு. தேர்வுக்கு வராதவருக்கு பூஜ்யம் போடுவது 999க்கு அண்ணன். வராதது வேறு, வந்து பூஜ்யம் வாங்கியது வேறு. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2017 ரெகுலேஷன், 2021 ரெகுலேஷன் என்று பாடத்திட்டம் மாறுவதால், பாடக் குறியீட்டோடு ரெகுலேஷனையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

எக்செலில் நடந்தவை, நடப்பவை

2020 செப்டம்பர் 25க்கும் அக்டோபர் 2க்கும் இடையில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பில் 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் விடுபட்டன. லேப்களிலிருந்து வந்த தரவைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பில் ஏற்றினார்கள். அந்த வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் தாங்காது. தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமாயிற்று. மரபணு ஆய்வாளர்களின் தொல்லை வேறு. ‘செப்ட்2’ என்ற மரபணுப் பெயரை எக்செல் செப்டம்பர் 2 ஆக்கிவிடும். எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்து வெளியான கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட பிழை இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. அப்போது எக்செல் மாறவில்லை, மரபணுக்களின் பெயர்தான் மாறியது. 2020இல் வெளியான பெயரிடல் நெறிகளில் அது ‘செப்டின்2’ ஆகிவிட்டது.

நம் ஷீட்டில் நடப்பவை சின்னவை: எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகும்; 15 இலக்கத்துக்கு மேல் நீண்ட எண்ணின் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகும்; ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தியதில் ஒருவருடைய சர்க்கரை இன்னொருவருக்குப் போகும். இந்தக் கடைசியைச் செய்து சேமித்துவிட்டால் மீட்க வழியில்லை.

எழுதுவதா, இருப்பதை எடுப்பதா

120 பேருடைய தீசிஸுக்கு மென்பொருள் எழுதக் கூடாது. கல்லூரியில் ஆய்வுத் தரவு சேகரிக்கும் மென்பொருளான ரெட்கேப் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் 2004இல் தொடங்கியது; லாப நோக்கமற்ற நிறுவனங்கள் ஒப்பந்தம் போட்டுக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். திரும்பத் திரும்ப வரும் வருகைக்கு அதில் இடம் உண்டு. யார் எதை எப்போது மாற்றினார்கள் என்ற பதிவும் தானாகவே சேரும்.  ஆஸ்பத்திரி அளவில் என்றால் நோயாளிப் பதிவுகளுக்கான ஓப்பன்எம்ஆர்எஸ்.

சொந்தமாக எழுதுவதற்கு நியாயம் உள்ள இடங்கள் வேறு: லேப் கருவியிலிருந்து முடிவு நேராக வர வேண்டும், சிக்னல் இல்லாத ஊரில் செவிலியர் தமிழ்ப் படிவத்தில் பதிந்து, மாலையில் அனுப்ப வேண்டும், பத்து ஆண்டு ஓடப்போகும் நோய்ப் பதிவேடு. எழுதினால், எழுதியவர் போன பிறகு யார் பார்ப்பார்கள் என்பதற்கும் பெயர் குறித்துவிட வேண்டும். பிஜி மாணவர் மூன்றாண்டில் போய்விடுவார்.

ஒருவர், ஒரு கணினி என்றால் எஸ்க்யூலைட் என்ற சிறிய தரவுத்தள மென்பொருள் போதும். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. அதில் இரண்டு பொறி இருக்கின்றன. ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு முறை இணையும்போதும் நாம்தான் போட வேண்டும். எண் நெடுவரிசையில் எழுத்தைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும்; கண்டிப்பான அட்டவணையாக உருவாக்கினால்தான் மறுக்கும். கோப்பைக் கூகுள் டிரைவ் ஒத்திசைக்கும் ஃபோல்டருக்குள் வைத்து வேலை செய்தால் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். இருவர் ஒரே நேரத்தில் பதியப்போகிறார்கள் என்றால் போஸ்ட்கிரெஸுக்குப் போய்விடுவதே நல்லது.

நிரல் எழுதும் முன் ஒரு தரவு அகராதி வேண்டும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயர், பொருள், வகை, அலகு, இரண்டு எல்லைகள், காலியாக விடலாமா, எந்தப் படிவத்தின் எத்தனையாவது கேள்வி. பிறகு காகிதத்திலேயே பத்துப் பேருக்குப் படிவத்தை நிரப்பிப் பாருங்கள். ‘கால் பரிசோதனை: இயல்பு / இயல்பில்லை’ என்ற கேள்விக்கு முழங்காலுக்குக் கீழ் ஒரு கால் எடுக்கப்பட்டவர் வந்து நிற்பது அப்போதுதான் தெரியும். வலது, இடது என்று பிரித்து, ‘கால் இல்லை’ என்று மூன்றாவது விடையையும் சேர்ப்பீர்கள். காகிதத்தில் இது ஐந்து நிமிட வேலை.

மென்பொருள் தரவைச் சேமிப்பதோடு நிற்காமல் இன்சுலின் அளவையும் சொல்லத் தொடங்கினால் விஷயமே வேறு. 2020 ஏப்ரல் முதல் இந்தியாவில் மருத்துவ உபகரணம் என்பதன் வரையறைக்குள் மென்பொருளும் வருகிறது. 1985க்கும் 1987க்கும் இடையில் தெரக்-25 என்ற கதிர்வீச்சுக் கருவியின் மென்பொருள் கோளாறால் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சு வாங்கினார்கள், சிலர் இறந்தார்கள். தீசிஸுக்கு எழுதிய நிரலில் டோஸ் கணக்கை ஒரு வசதிக்காகச் சேர்த்துவிடாதீர்கள்.

பெயரை எடுத்துவிட்டால் போதுமா

பெயர், முகவரி, செல்பேசி, ஓபி எண் ஆகியவற்றை ஐந்தாவதாக ஒரு தனி அட்டவணையில், வேறு கடவுச்சொல்லுக்குப் பின்னால் வையுங்கள். ஆய்வு எண் மட்டுமே இரண்டுக்கும் பாலம். புள்ளியியலாளருக்கு அந்த அட்டவணை போகவே கூடாது. இதுவும் போதாது என்பதை லட்டான்யா ஸ்வீனி என்ற ஆய்வாளர் 1990களில் காட்டினார்: பெயர் நீக்கி வெளியிட்ட மருத்துவத் தரவை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, மாசசூசெட்ஸ் ஆளுநரின் பதிவையே கண்டுபிடித்தார். அஞ்சல் குறியீடு, பாலினம், பிறந்த தேதி இந்த மூன்றே போதுமாயிருந்தது. நம் பக்கம் ஊர்ப் பெயரும் வயதும் அரிய நோயும் சேர்ந்தால் அந்த ஊர்க்காரருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். வெளியே கொடுக்கும் கோப்பில் ஊருக்குப் பதில் மாவட்டம், பிறந்த தேதிக்குப் பதில் வயது. கேஸ் ஷீட்டை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பிப் பதிகிற வழக்கம் இருந்தால் இந்த ஏற்பாடு முழுதும் வீண். 2017இன் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) நெறிமுறைகளையும் 2023இன் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் எத்திக்ஸ் கமிட்டிக்கு விண்ணப்பிக்கும் முன்பே படித்துவிடுங்கள். தரவை எங்கே, எவ்வளவு காலம் வைப்பீர்கள் என்று அவர்கள் கேட்பார்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு

எந்த மதிப்பையும் அழித்து மாற்றாதபடி மாற்றப் பதிவு ஒன்று இருக்க வேண்டும்: பழைய மதிப்பு, புதிய மதிப்பு, மாற்றியவர், நேரம், காரணம். ஆளுக்கு ஒரு லாகின்; துறைக்கே ஒரு கடவுச்சொல் என்றால் ‘மாற்றியவர்’ என்ற நெடுவரிசைக்குப் பொருளில்லை. முக்கிய முடிவாக எச்பிஏ1சியை வைத்திருக்கிறீர்கள் என்றால் அந்த ஒன்றையாவது இருவர் தனித்தனியாகப் பதிந்து ஒப்பிடுங்கள்.

நகலுக்குப் பழைய விதியே போதும்: மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு கட்டடத்தில். தரவுத்தளம் இருக்கும் அதே வன்வட்டின் இன்னொரு ஃபோல்டர் நகல் ஆகாது. பென் டிரைவில் எடுத்துச் செல்வது என்றால் குறியாக்கம் செய்துதான். எடுத்த நகலை மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள்: நான்கு அட்டவணைகளின் வரி எண்ணிக்கையும் மூலத்தோடு ஒத்துப்போகிறதா, 10421க்கு நான்கு வருகைகளும் வருகின்றனவா, மே 2 அன்று வந்தவரின் கிரியேட்டினின் அதே எண்ணாக, அதே அலகோடு இருக்கிறதா.